அத்தியாயம் 4: கருத்து முதலில், பிழை பிறகு

பள்ளியில் கட்டுரை எழுதாமல் எந்த மாணவரும் கல்லூரிக்கு வருவதில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற மூன்றும் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவருக்கு மனப்பாடம். பொதுத்தேர்வு வினாத்தாளே குறிப்புகளைத் தந்துவிடும். இடையில் வரவேண்டிய உட்தலைப்புகளும் அதிலேயே இருக்கும். ஒவ்வொரு உட்தலைப்பின் கீழும் நாலைந்து வரி நிரப்பி, நடுவில் ஒரு குறளைப் பளிச்சென்று எழுதி அடிக்கோடிட்டால் வேலை முடிந்தது. இப்படி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருவருக்கு, கல்லூரியின் முதல் செமஸ்டரில் 'தமிழ்நாட்டில் பள்ளி உணவுத் திட்டம்: ஒரு மதிப்பீடு' என்று ஓர் அசைன்மென்ட் வருகிறது. இந்த முறை குறிப்புகள் இல்லை, உட்தலைப்புகள் இல்லை, உரைநூலும் இல்லை. அவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் போகிறார். நூலகத்தில் ஒரு புத்தகம், இணையத்தில் இரண்டு பக்கம், எல்லாவற்றையும் சேர்த்து ஆறு பக்கம் எழுதிவிடுகிறார். எழுதியதைப் பேராசிரியரிடமோ, சீனியரிடமோ, வீட்டில் முன்பே பட்டம் முடித்த அக்காவிடமோ கொண்டுவந்து, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று நீட்டுகிறார்.

இந்த அத்தியாயம் அந்த ஆறு பக்கத்தை வாங்கிக்கொள்பவருக்கானது. வாங்கியதும் கை சிவப்புப் பேனாவைத் தேடுவது இயல்பு. ஒற்றுப்பிழைக்கு ஒரு சுழி, லகர ளகரத்துக்கு ஒரு சுழி, ஓரத்தில் 'விளக்கம் தேவை', அடியில் ஒரு மதிப்பெண். அரைமணி நேரம் செலவழித்த நிறைவு நமக்குக் கிடைக்கும். மாணவர் சுழித்த இடங்களை மாற்றி எழுதித் தருவார். கட்டுரை சுத்தமாகும், ஆனால் மேம்படாது. இங்கே நான் நிறுவ முயல்வது இதுதான்: புதிய மாணவரின் கட்டுரை நொண்டுவதற்கு முதற்காரணம் மொழிக்குறை இல்லை, விடை காண வேண்டிய கேள்வி ஒன்று அவர் கையில் இல்லை. ஆகவே உதவுபவர் முதலில் கருத்தைப் படிக்க வேண்டும்; பிழையைக் கடைசியில்தான் தொட வேண்டும். வரிசை மாறினால் நாம் செய்யும் உதவியே அவருக்கு இடைஞ்சலாகும்.

தெரிந்ததை இறக்கிவைத்தல்

கனடாவில் பணியாற்றிய கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் 1987இல் வெளியிட்ட நூலில், எழுதும் வழியை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். தலைப்பைக் கண்டதும் அதைப் பற்றி நினைவில் உள்ளதையெல்லாம் வந்த வரிசையில் இறக்கிவைப்பது முதல் வழி. ஒரு வாக்கியம் அடுத்ததை நினைவூட்டும். நினைவு வற்றியதும் கட்டுரை முடியும். இரண்டாம் வழியில் எழுதுபவர், தமக்குத் தெரிந்தது போதுமா, முன்பு சொன்னதோடு இது ஒத்துப்போகிறதா, படிப்பவர் ஏற்பாரா என்று இடைவிடாமல் கேட்டுக்கொள்கிறார். அதனால் எழுதத் தொடங்கியபோது அவர் நினைத்தது, எழுதி முடிக்கும்போது சற்றே மாறியிருக்கும். முதல் வழியைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்று மணி நேரத் தேர்வில், பாடத்தைப் படித்தேன் என்று காட்ட வேண்டிய இடத்தில், அதுதான் புத்திசாலித்தனமான வழி. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வழிக்கே மதிப்பெண் கிடைத்திருக்கிறது. கல்லூரிக் கட்டுரையைப் படிப்பவருக்கோ அந்தச் செய்திகள் முன்பே தெரியும். செய்திகளைக் கொண்டு மாணவர் எந்த முடிவுக்கு வருகிறார், அந்த முடிவு நிற்குமா என்பதே அவர் பார்க்க விரும்புவது. எதிர்பார்ப்பு மாறிவிட்டது என்பதை மாணவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், சொன்னதால் மட்டும் பழக்கம் மாறிவிடாது.

பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை அமெரிக்காவில் நான்சி சாமர்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கல்லூரி முதலாண்டு மாணவர் 20 பேரையும், எழுதித் தேர்ந்தவர் 20 பேரையும் கட்டுரை எழுதி, அதைத் திரும்ப எழுதச் சொன்னார். திரும்ப எழுதுதல் என்றால் மாணவர்களுக்குச் சொல் மாற்றுவது: இந்தச் சொல் இரண்டு முறை வந்துவிட்டது, இது எடுப்பாக இல்லை, வேறொன்று போடுவோம் என்ற அளவில் நின்றார்கள். தேர்ந்தவர்களோ முதல் வரைவை வைத்துத் தம் வாதத்தின் வடிவத்தைத் தேடினார்கள். பத்திகளை இடம் மாற்றினார்கள், வேண்டாதவற்றை முழுதாக நீக்கினார்கள், படிப்பவர் எங்கே மறுப்பார் என்று யோசித்தார்கள். மாணவர்களுக்கு உழைக்கும் மனம் இருந்தது. சொல்லுக்கு மேலான அளவில் ஒரு கட்டுரையைப் பிரித்துக் கோக்கும் வழி அவர்களுக்குக் காட்டப்படவில்லை. சிவப்பு மைச் சுழிகள் மட்டும் கொண்ட தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது நாம் அந்தப் பழக்கத்துக்கே முத்திரை குத்துகிறோம்: திருத்துவது என்றால் சொல்லைத் திருத்துவது, வேறு எதுவும் இல்லை.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

உணவுத் திட்டம் பற்றிய அந்தக் கட்டுரை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: 'உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள். அவற்றுள் உணவே முதன்மையானது. பெருந்தலைவர் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இவ்வாறு இத்திட்டங்கள் ஏழை மாணவர்களுக்குப் பெரும்பயன் அளித்து வருகின்றன.' இதில் சுழிக்க ஒரு பிழையும் இல்லை. ஆண்டுகள் மூன்றும் சரி. ஆனாலும் இது கட்டுரையின் தொடக்கம் ஆகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: இதைப் படித்துவிட்டு 'இல்லை' என்று சொல்லக்கூடியவர் யார், எந்த வாக்கியத்தில் சொல்வார்? உணவு அடிப்படைத் தேவை என்பதை மறுப்பவர் இல்லை. ஆண்டுகளை மறுக்க முடியாது. யாரும் மறுக்க முடியாத வாக்கியத்துக்குச் சான்று தேவைப்படாது; சான்று தேவைப்படாத வாக்கியங்களை மட்டும் அடுக்கினால் ஆறு பக்கம் எழுதியும் எதையும் நிறுவியிருக்க மாட்டோம். மாணவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சற்று யோசித்து, அவர் கடைசி வாக்கியத்தின் மேல் விரலை வைப்பார். அங்கேதான் கட்டுரை ஒளிந்திருக்கிறது.

அடுத்த கேள்வி அந்தச் சொல்லின் மேலேயே விழ வேண்டும். 'பயன்' என்று எதைச் சொல்கிறாய்? பசி தீர்ந்ததையா, பள்ளியில் சேர்ந்தவர் தொகை கூடியதையா, சேர்ந்தவர் நாள்தோறும் வந்ததையா, உடல் எடை கூடியதையா, வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதையா? இவை ஐந்தும் ஐந்து கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டிய சான்று வேறு. சேர்க்கை கூடியது என்பதை அவர் எடுத்துக்கொண்டதாக வைப்போம். இப்போது மூன்றாம் கேள்வி: அது கூடியதற்கு வேறு காரணம் இருக்க முடியாதா? 1954 முதல் 1963 வரையிலான காமராசர் ஆட்சியில் உணவு மட்டுமா வந்தது? புதிய பள்ளிகள் ஏராளமாகத் திறக்கப்பட்டன, கட்டணமில்லாக் கல்வி விரிந்தது. பிள்ளை பள்ளிக்கு வந்தது சோற்றுக்காகவா, பள்ளி பக்கத்திலேயே வந்துவிட்டதாலா? இந்த இடத்தில் மாணவர் முதல்முறையாகத் திணறுவார். அந்தத் திணறலை அவசரப்பட்டுத் தீர்த்துவைக்கக் கூடாது. இரண்டு காரணங்களை எப்படிப் பிரித்தறிவது என்று அவரையே யோசிக்கவிட வேண்டும். பள்ளி முன்பே இருந்து, உணவு மட்டும் பின்னால் வந்த இடங்கள் ஏதாவது உண்டா? உண்டு. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகே பல மாநிலங்கள் சமைத்த உணவுக்கு மாறின. அங்கே முன்னும் பின்னும் எடுத்த வருகைப் பதிவை ஒப்பிடலாம். நூலகத்துக்குப் போவதற்கு மாணவருக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. முன்பு அவர் 'உணவுத் திட்டம் பற்றி ஏதாவது' தேடினார். இப்போது அவருக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட தகவல்.

நான்காம் கேள்வி அவர் எழுதியதற்கு எதிராக நிற்கும் செய்தியைப் பற்றியது. 1956ஐத் தொடக்கமாக வைத்தால், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவை எங்கே வைப்பது? அதைச் சேர்த்துக்கொண்டால் கட்டுரையின் கூற்று தளருமா, உறுதிப்படுமா? இவ்வளவும் பேசி முடித்தபின் ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஏறத்தாழ இப்படி வரும்: 'பள்ளி உணவு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது என்பதைவிட, சேர்ந்தவர்களை நாள்தோறும் வரவழைத்தது என்பதே பொருந்தும், ஏனென்றால் சேர்க்கை கூடிய அதே ஆண்டுகளில் புதிய பள்ளிகளும் திறந்தன.' இது தவறாகவும் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும். தவறு என்று காட்ட வழியுள்ள வாக்கியத்தை அவர் எழுதியிருக்கிறார். அதை நிறுவவோ கைவிடவோ அவருக்குச் சான்று வேண்டும், சான்றை அடுக்க ஒரு வரிசை வேண்டும், மறுப்பவருக்கு ஒரு பதில் வேண்டும். எஞ்சிய பத்திகளின் அமைப்பை அந்த ஒரு வாக்கியமே தீர்மானித்துவிடும். எதை எங்கே வைப்பது என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுத்து எழுதுவது மரியாதைக் குறைவா

இங்கே ஒரு தயக்கம் குறுக்கிடும். அச்சில் வந்ததை, அதுவும் பெரியவர்கள் எழுதியதை, பதினெட்டு வயதில் மறுக்கலாமா என்று மாணவர் கூசுவார். சான்றோடு மாறுபடுவது மேல்நாட்டுப் பல்கலைக்கழகப் பழக்கம், நம் மரபு ஆசான் சொல்லை ஏற்பது என்று சில ஆசிரியர்களும் நினைக்கிறார்கள். நம் நூல்களே அதற்குச் சாட்சி சொல்லவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரம், நூல் எழுதுபவர் எடுக்கக்கூடிய நிலைகளை ஏழு மதங்களாக வகுக்கிறது. பிறர் கருத்தோடு உடன்படலாம்; மறுக்கலாம்; முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம்; தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்தலாம்; இருவர் மாறுபடும்போது ஒருவர் பக்கம் துணியலாம்; பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம்; யாரோடும் சேராமல் தன் கொள்கையில் நிற்கலாம். பரிமேலழகர் தம் உரையில் பிறர் பொருள் கொண்ட விதத்தை எடுத்துச் சொல்லி, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டுகிறார். தடையும் விடையுமாக வாதத்தை நடத்துவது நம் உரையாசிரியர்களுக்குக் கைவந்த கலை. 2006இல் ஜெரால்ட் கிராஃபும் கேத்தி பிர்கென்ஸ்டைனும் எழுதி அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலான கையேடு, பிறர் சொல்வதை முதலில் எடுத்துரைத்து அதற்குப் பதிலாக உன் கருத்தை வை என்கிறது. நன்னூலின் ஏழில் மூன்றாவதும் ஐந்தாவதும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கின்றன. எனவே மாணவரிடம், நீ படித்த இரண்டு கட்டுரைகளுக்கு நடுவே இந்த ஏழில் எந்த நிலையில் நிற்கிறாய் என்று கேளுங்கள். 'எனக்கு என்ன தெரியும்' என்ற கூச்சத்தைவிட, ஏழில் ஒன்றைத் தேர்வது எளிது.

ஓரக்குறிப்புக்கும் அதே பாயிரம் உதவுகிறது. அது சொல்லும் பத்துக் குற்றங்களில் எழுத்துப்பிழை பற்றியது எதுவும் இல்லை. சொல் வழுவைக் குறிப்பது ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் கருத்தும் அமைப்பும் பற்றியவை. ஒரு பத்தி கேள்வியை விட்டு விலகி வேறெதையோ விரிக்கிறதா? 'மற்றொன்று விரித்தல்'. இரண்டாம் பக்கத்தில் சொன்னதே ஐந்தாம் பக்கத்தில் வருகிறதா? 'கூறியது கூறல்'. தொடக்கத்தில் இருந்த விறுவிறுப்பு போகப் போகக் குறைந்து முடிவு மெலிகிறதா? 'சென்று தேய்ந்து இறுதல்'. 'விளக்கம் தேவை' என்று எழுதினால் மாணவர் மேலும் நான்கு வரி சேர்ப்பார். இப்படி எழுதினால் என்ன கோளாறு என்று அவருக்குப் பிடிபடும். நான்சி சாமர்ஸ் 1982இல் ஆசிரியர்களின் ஓரக்குறிப்புகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கட்டுரையின் ஓரத்திலும் ஒட்டவைக்கக்கூடிய பொதுச்சொற்கள் என்று காட்டினார். இன்னொன்றையும் கண்டார்: ஒரே பத்தியில் ஒரு குறிப்பு வாக்கியத்தைச் செப்பம் செய்யச் சொல்கிறது, பக்கத்திலேயே இன்னொரு குறிப்பு அந்தப் பத்தியை விரித்து மாற்றி எழுதச் சொல்கிறது. மாற்றப்போகும் பத்தியில் காற்புள்ளியைத் திருத்துவது எதற்கு? மாணவர் இரண்டில் எளிதானதையே செய்வார்.

பிழையை விட்டுவிடலாமா

இந்த வாதத்துக்கு எதிரான முதல் மறுப்பு நியாயமானது. பிழை மலிந்த கட்டுரையைத் தேர்வாளர் மதிக்க மாட்டார், வேலை தருபவரும் மதிக்க மாட்டார். கருத்து கருத்து என்று சொல்லிப் பிழையை வளரவிடுவது மாணவருக்குச் செய்யும் துரோகம் என்பது அது. ஆங்கில வழியில் படிக்க வந்த தமிழ்வழி மாணவருக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. பிழை முக்கியம் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. எப்போது, எப்படி என்பதில்தான் பேச்சு. இரண்டாம் மொழியில் எழுதுபவர்களுக்கு இலக்கணப் பிழைகளைத் திருத்தித் தருவது பயனற்றது, தீங்கும் செய்யும் என்று ஜான் டிரஸ்காட் 1996இல் வாதிட்டார். டேனா ஃபெரிஸ் 1999இல் அதை மறுத்து, தேர்ந்தெடுத்துத் தெளிவாகச் செய்யும் திருத்தம் பயன்தரக்கூடும் என்றார். அந்த விவாதம் பிறகும் நீண்டது. ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் சுழிப்பதுதான் சிறந்த வழி என்று காட்ட அந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் உதவாது.

எப்படிச் செய்வது என்பதற்கு மைனா ஷாக்னெசியின் நூல் நல்ல வழிகாட்டி. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் பள்ளிப் படிப்பை முடித்த எல்லா நகர மாணவருக்கும் கதவைத் திறந்தது. அதுவரை கல்லூரியை எட்டிப்பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்; அவர்கள் எழுதியதைப் பார்த்து, இவர்களுக்குக் கற்பிக்க முடியுமா என்று ஆசிரியர்கள் மலைத்தார்கள். அங்கே பணியாற்றிய ஷாக்னெசி ஏறத்தாழ 4000 நுழைவுக் கட்டுரைகளை ஆராய்ந்து, 1977இல் தம் முடிவை நூலாக்கினார். பிழைகள் கண்டபடி விழுவதில்லை, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கும் காரணமும் இருக்கிறது, அந்தக் காரணத்தை மாணவரிடமிருந்தே கேட்டறிய முடியும் என்பது அவர் கண்டது. தமிழ்க் கட்டுரையிலும் இதைப் பார்க்கலாம். ஐம்பது இடத்தில் சுழிக்க வேண்டியிருக்கும் தாளைக் கூர்ந்து பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி மூன்று வகைக்குள் அடங்கிவிடும்: இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் ஒற்று விடுவது, எழுவாய் ஒருமையாக இருக்கப் பயனிலை பன்மையாவது, நீண்ட வாக்கியத்தில் எழுவாயே காணாமல் போவது. முதல் இரண்டும் விதி தெரியாததால் வருபவை. ஒரு நாளில் சொல்லித்தரலாம். மூன்றாவது அப்படி இல்லை. எழுதுபவருக்கே இன்னும் தெளியாத ஒரு கருத்தைச் சொல்ல முயலும்போதுதான் வாக்கியம் பெரும்பாலும் இப்படிக் குலைகிறது. கருத்து தெளிந்தால் அந்த வாக்கியம் தானாகவே நேராகும். தெளியாமல் அதை நாம் நிமிர்த்தித் தந்தால், அவர் நினைக்காத ஒன்றை அவர் பெயரில் நாம் எழுதிவிட்டோம் என்று பொருள். ஆகவே வரைவு தன் வாதத்தில் உறுதியாகும் வரை பிழையைத் தொட வேண்டாம். கடைசிப் படிக்கு முன், அடிக்கடி வரும் ஒரு வகையை மட்டும் எடுத்து, முதல் பக்கத்தில் அதைக் காட்டி, மீதிப் பக்கங்களில் அவரையே தேடச் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் அடுத்த வகை.

நேரத்துக்கு எங்கே போவது

இரண்டாம் மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஒரு வகுப்பில் அறுபது பேர். ஒவ்வொருவரின் வரைவையும் இரண்டு முறை படிப்பது நடக்கிற காரியமா? ஆறு பக்கத்தை இரண்டு முறை படிப்பது நடக்காதுதான். ஆனால் மேலே சொன்ன வழியில், முதல் முறை படிக்க வேண்டியது ஆறு பக்கம் இல்லை, ஒரு வாக்கியமும் மூன்று வரியும்தான்: என் கூற்று இது, இதற்கு என்னிடம் உள்ள சான்று இது, மறுப்பவர் இப்படிச் சொல்வார். அரைப்பக்கத் தாளில் இதை எழுதி வாங்கினால், அறுபதையும் ஒரு மாலையில் பார்த்துவிடலாம்; ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு கேள்வி எழுதினால் போதும். கூற்றே இல்லாத ஆறு பக்கத்தைக் கடைசியில் திருத்துவதற்கு ஆகும் நேரம் இதனால் மிச்சமாகும். மாணவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, 'இதற்கு நான் எங்கே இல்லை என்பேன்' என்ற கேள்வியை ஒருவர் தாளில் மற்றவர் கேட்கச் செய்வதும் முடியும். அதற்கு இலக்கண அறிவு வேண்டியதில்லை. கவனமாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

மதிப்பெண்ணை எப்போது சொல்வது என்பதும் இதோடு சேர்ந்தது. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சில மாணவர்களுக்குக் கருத்துரை மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்களிடம் ஆர்வமும் செயல்திறனும் மேம்பட்டன. இரண்டும் பெற்றவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை. எண் கண்ணில் பட்டதும் கருத்துரை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. பட்லர் ஆராய்ந்தது பள்ளிப் பிள்ளைகளை, கல்லூரிக் கட்டுரைகளை இல்லை. அதனால் அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. என்றாலும் இன்டர்னல் மதிப்பெண் என்ன என்று முதலில் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்கும் காட்சி எந்தக் கல்லூரியிலும் புதிதில்லை. வரைவுக்கு மதிப்பெண் வேண்டாம். முடிந்த கட்டுரைக்கு மட்டும் போடுங்கள்.

மாதிரி, சட்டகம், இயந்திரம்

மூன்றாம் மறுப்பு இப்படி வரும்: எதுவும் தெரியாத முதலாண்டு மாணவருக்குக் கூற்று எங்கிருந்து வரும்? முதலில் நல்ல கட்டுரைகளைப் படிக்கட்டும், சட்டகத்தைப் பழகட்டும், சொந்தக் கருத்து மூன்றாம் ஆண்டில் வரட்டும். படிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கேள்வி இல்லாமல் பத்துக் கட்டுரை படிப்பவர் பத்து நடையை மனப்பாடம் செய்வார். கேள்வியோடு இரண்டு படிப்பவர், அந்த ஆசிரியர் மறுப்பை எந்த இடத்தில் எதிர்கொள்கிறார் என்று பார்ப்பார். மாணவர் சிறியவர் என்றால் கூற்றும் சிறியதாக இருக்கட்டும். தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றையே அவர் மதிப்பிட வேண்டியதில்லை. இந்த இரண்டு கட்டுரைகளில் எது சேர்க்கையையும் வருகையையும் பிரித்துப் பார்க்கிறது என்று சொன்னாலே அது முழுமையான கூற்று. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தையும் தூக்கி எறிய வேண்டாம். முன்னுரையில் கேள்வியும் கூற்றும், பொருளுரையில் சான்றும் தடையும் விடையும், முடிவுரையில் கூற்று எந்த எல்லைவரை செல்லும் என்பதும் வந்தால், பள்ளியில் பழகிய அதே மூன்று பெட்டிகள் கல்லூரிக்கும் போதும்.

நான்காம் மறுப்பு அண்மையில் வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து, தலைப்பைக் கொடுத்தால் ஆறு பக்கம் நொடியில் கிடைக்கிறது. பிறகு எதற்கு இந்தப் பாடு? தலைப்பு தந்து ஆறு பக்கம் வாங்குவதோடு நம் கற்பித்தல் முடிந்தால் அந்த வாதம் வென்றுவிடும். பிழையில்லாத, யாரும் மறுக்க முடியாத, மேலே பார்த்த 'அடிப்படைத் தேவை' வகைப் பத்திகளைத் தருவது அதற்குக் கைவந்த வேலை. சிவப்புப் பேனாவுக்கு அங்கே வேலையே இருக்காது. கூற்றை வாய்மொழியாகக் கேட்டு, வரைவைப் பார்த்து, சேர்க்கையா வருகையா என்று மடக்கும் உதவியாளரின் முன் மாணவர் தாமே யோசித்தாக வேண்டும். கட்டுரை எழுதுவதன் நோக்கம் தாளை நிரப்புவது என்றால் இயந்திரம் போதும். ஒரு கேள்வியில் நிலைத்து நின்று முடிவெடுக்கப் பழகுவது என்றால், அந்தப் பழக்கத்தை மாணவருக்காக வேறொன்று பழகித்தர முடியாது.

எப்போது விலகுவது

இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்கத் தெரிந்தவர், விடையையும் தாமே சொல்லிவிடும் ஆசையில் விழுவார். மாணவரின் கூற்று மெல்ல மெல்ல நம் கூற்றாக மாறும். அவர் நம்மை மகிழ்விக்க எழுதத் தொடங்குவார். இதைத் தவிர்க்க ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம்: கேட்ட கேள்விக்கு நம்மிடம் ஒரு விடை தயாராக இருந்தாலும் வெளியில் சொல்லக் கூடாது, மாணவர் சொல்லும் விடை நமக்கு உவப்பில்லாததாக இருந்தாலும் சான்று இருந்தால் ஏற்க வேண்டும். முதல் கட்டுரைக்கு நான்கு கேள்விகளையும் நாமே கேட்போம். இரண்டாவதில், நான் என்ன கேட்பேன் என்று நினைக்கிறாய் என்று மட்டும் கேட்போம். மூன்றாம் கட்டுரையைக் கொண்டுவரும்போது அவரே, "இங்க ஒருத்தர் மறுப்பார்னு தோணுது, பதில் இன்னும் கிடைக்கல" என்று சொல்வாரானால், அந்தக் கட்டுரை இன்னும் முடியாமல் இருந்தாலும் நம் வேலை முடிந்தது. அதன்பின் ஒற்றுப்பிழை பார்ப்பதில் தடையில்லை. அதையும் பக்கத்தில் உட்கார்ந்து அவரே பார்க்கட்டும்.